பாலரும் எலும்புக்கூடும்

ஆழ்வார்பேட்டையிலும் அதனை அடுத்த மயிலாப்பூரிலும் ஓய்வுநாட் பாடசாலைக்கு வரும் பாலர், வாரநாட்களில் பள்ளியிலே சரீர சாஸ்திரமும் கற்கின்றனர். அவருள் ஒரு பிள்ளை, "ஏவாள் ஆதாமின் விலா எலும்பினால் உண்டாக்கப்பட்டாள் என்கிறீர்களே, அப்படியானால் ஆண்களுக்கு ஒரு விலா எலும்பு குறைவோ?" என வினவினால், நாம் யாது விடை கூறுவோம்? அவ்விடையைக் கொண்டே நம் பிற போதனைகளையும் அப்பிள்ளை பின்னாளில் நிறுத்துப்பார்க்கும்.

"குறைவே" என்று கூறிவிடுவோரும் உளர். அது பிழை. அரிதாகச் சிலரிடம் எண்ணிக்கை வேறுபடினும், பொதுவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பக்கத்திற்குப் பன்னிரண்டாக 24 விலா எலும்புகளே உள. 1543-ஆம் ஆண்டிலேயே வெசாலியஸ் என்னும் பண்டிதர் இதனைத் தம் பெருநூலில் தெளிவாக்கினார். ஆதாமின் சந்ததியாருக்கு எலும்பு குறைந்ததென்று வேதாகமம் யாண்டும் கூறவுமில்லை. விபத்தில் விரலிழந்த தகப்பனுக்கும் பத்து விரல்களுள்ள குழந்தையே பிறக்கிறதன்றோ? இவ்வுதாரணம் ஒன்றே பிள்ளைக்குப் போதும்.

இத்தகைய ஆராய்ச்சி பக்திக்குப் பகை என்று அஞ்சுவோர், டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஐயரின் சரித்திரத்தை நோக்குவாராக. அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847-இல் யாழ்ப்பாணம் சேர்ந்த அவர், மானிப்பாயில் வைத்தியம் செய்ததோடு, தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே வைத்திய சாஸ்திரம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் கிரே என்பாரின் உடற்கூற்று நூல் "மனுஷ அங்காதிபாதம்" என்னும் பெயரோடு 1872-இல் தமிழில் வெளிவந்தது. சுவிசேஷ ஊழியமும் எலும்புகளை எண்ணிக் கற்பித்தலும் அவருக்கு ஒரே ஊழியமாயிருந்தன.

இனி, கற்பிக்கும் முறையைக் கூறுவோம். எலும்புக்கூட்டின் படத்தைக் காட்டி அச்சுறுத்தாமல், பிள்ளை தன் உடம்பையே தொட்டறியும்படி செய்தல் நன்று. முழங்காலின் கீழுள்ள எலும்பையும் தோளின் முன்புறத்து எலும்பையும் எளிதில் தடவியறியலாம். பிறக்கும்போது குழந்தைக்கு ஏறக்குறைய 300 எலும்புகளும் குருத்தெலும்புத் துண்டுகளும் உள. வளர வளர அவற்றுட் பல ஒன்றோடொன்று கூடி, முடிவில் 206 ஆகின்றன. ஒவ்வொரு கையிலும் மணிக்கட்டு முதல் 27. ஒவ்வொரு பாதத்திலும் 26. ஆகவே 106 எலும்புகள், அதாவது பாதிக்கு மேற்பட்டவை, கைகளிலும் பாதங்களிலுமே அமைந்துள்ளன. பிறருக்கு உதவும் கைகளும், துன்புற்றோரை நாடிச்செல்லும் கால்களும் எத்துணை நுட்பமாக வகுக்கப்பட்டுள என்பதைப் பிள்ளைகள் தாமே எண்ணி வியப்பர்.

எலும்பு உயிரற்ற கோல் அன்று என்பதையும் உணர்த்தல் வேண்டும். முறிந்தால் கூடுகிறது, அதனுள்ளிருக்கும் மச்சையிலே இரத்த அணுக்கள் உண்டாகின்றன. எசேக்கியேல் 37-ஆம் அதிகாரத்தில் எலும்புகள் சேர, நரம்பும் தசையும் தோலும் மூட, இறுதியில் ஆவி புகுகின்றது. அது சிறையிருப்பிலிருந்த ஜனத்திற்கு அருளிய நம்பிக்கையின் தரிசனமேயன்றி, உடற்கூற்றுப் பாடமன்று. எனினும் எலும்பு மாத்திரமே மனிதனாகாது என்பதைப் பாலர் அதனால் எளிதில் அறிவர்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. வைத்தியக் கல்லூரிகளில் தொங்கிய எலும்புக்கூடுகள் ஒருகாலத்தில் பெயரும் உறவும் உடைய மாந்தராயிருந்தன. கல்கத்தாவிலிருந்து அயல்நாடுகளுக்கு அவை பெருவாரியாக விற்கப்பட்டு வந்தன. இந்திய அரசாங்கம் 1985-இல் அவ்வேற்றுமதியைத் தடுத்தது. அவருட் பலர் ஏழைகள். தம் உடல் எங்கே போகுமென அறியாதவர்கள். ஆதலின் பாலர் பாடத்திற்குப் பிளாஸ்டிக் உருவமே சாலும். எங்கேனும் மெய்யான எலும்பைக் காண நேரின், பிள்ளைகள் நகையாடாமல் சற்றே மௌனமாய் நிற்கக் கற்பிப்போமாக. எலும்பைச் சரியாக எண்ணவும் அதனைக் கனம்பண்ணவும் ஒருங்கே கற்ற பிள்ளை, உயிரோடிருக்கும் அயலானையும் கனம்பண்ணும்.