உங்களுக்குத் தெரியுமா? வழக்கைத் தீர்த்த ஒரே சொல்

உலர்சலவைக் கடைக்கு வரும் துணிகளை கீபோர்டு, கணினி, பார்கோடு ரசீது கொண்டு கண்காணிக்கும் முறை ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார் ஹெர்பர்ட் மார்க்மன். வெஸ்ட்வியூ என்ற நிறுவனம் அதை மீறிவிட்டதாக வழக்குப் போட்டார். ஜூரி அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் நீதிபதி அதைத் தள்ளிவிட்டார். காப்புரிமையில் உள்ள 'இன்வென்டரி' என்ற சொல்லில் துணிகளின் இருப்பும் அடங்கியே ஆக வேண்டும் என்றார் அவர். வெஸ்ட்வியூவின் கணினியோ பில்லையும் வரவேண்டிய பணத்தையும் மட்டுமே கணக்கில் வைத்தது. ஆகவே மீறல் இல்லை!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காப்புரிமைச் சொற்களுக்குப் பொருள் சொல்வது ஜூரியின் வேலையல்ல, நீதிபதியின் வேலை என்று 1996-இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. இன்று சொற்பொருளை முடிவுசெய்ய நடக்கும் தனி விசாரணைக்கே 'மார்க்மன் விசாரணை' என்று பெயர். 'சர்வர்', 'மாட்யூல்' போன்ற சொற்கள் ஆளுக்கொரு பொருள் தரும் மென்பொருள் வழக்குகளில், பாதிச் சண்டை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்தப் பொருளை எங்கே தேடுவது? அகராதியைவிட, காப்புரிமை ஆவணத்தின் விளக்கப் பகுதிக்கும், விண்ணப்பதாரர் காப்புரிமை அலுவலகத்திடம் சொன்னவற்றுக்குமே மதிப்பு அதிகம் என்று 2005-இல் ஃபிலிப்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதுதான் நியாயமும்கூட: உரிமை கேட்டபோது ஒரு பொருள், வழக்காடும்போது வேறொரு பொருள் என்று யாரும் நழுவக் கூடாது.