கடற்கரைப் பலகையும் தடித்த சாய்வெழுத்தும்

அந்தமான் கடற்கரைகள் சிலவற்றில் உவர்நீர் முதலைகளைக் குறித்து எச்சரிக்கும் பலகைகள் நிறுத்தப்பட்டுள்ளன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், மேட்டுநிலத்திற்கு வழிகாட்டும் பலகைகளின் தேவையும் நன்கு உணரப்பட்டது. இத்தகைய பலகையை மக்கள் நின்று நிதானித்துப் படிப்பதில்லை. ஆகவே எழுத்தின் வடிவம் இங்கே அழகைப் பற்றிய வினா மட்டுமன்று.

விளம்பரங்களில் பெரிதும் விரும்பப்படுவது தடித்த, வலப்புறம் சாய்ந்த, முனைக்கோடற்ற எழுத்தாகும். கோடுகளின் முனையில் சிறு குறுக்குக்கோடு இல்லாமையால் அப்பெயர் பெற்றது. உரோமன் எழுத்தில் இவ்வகை அச்சு 1816இல் இலண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரி ஏட்டில் தோன்றியது. சாய்வெழுத்தோ மிகப் பழையது; 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் கையெழுத்தைப் பின்பற்றி அதனை அச்சில் கொணர்ந்தார். தமிழில் சாய்வெழுத்துக்கு அத்தகைய தனிக் கையெழுத்து மரபு இல்லை. நேரெழுத்தையே ஏறத்தாழ 10 பாகை சாய்த்துக் கொள்கிறோம்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. ஒரே தடிப்புள்ள வளையத்தைச் சாய்த்தால், அதன் மேல் வலப்பகுதியும் கீழ் இடப்பகுதியும் பருத்து, மற்ற இரு மூலைகளும் மெலியும். ‘ண’, ‘ஞ’, ‘ள’ முதலிய சுழியுள்ள எழுத்துக்களில் இக்குறை நன்கு புலப்படும். தேர்ந்த எழுத்தமைப்பாளர் அம்மூலைகளைத் தனித்தனியே திருத்துவர். கணிப்பொறியின் சாய்வுப் பொத்தான் திருத்துவதில்லை. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் உள்ள சிறு கோடே. எழுத்து தடித்துச் சாயுங்கால் அதுவும் மறைந்துவிடக்கூடும்.

பெரிதும் அல்லற்படுவது புள்ளியே. இயல்பான பார்வையுடைய கண், கோணத்தில் ஒரு கலை அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும்; அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 60 மீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 1.75 சென்டிமீட்டராகும். எனவே அத்தொலைவிலிருந்து ‘இறங்காதீர்’ என்பதைப் படிக்க வேண்டுமாயின், புள்ளியின் குறுக்களவும், புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையேயுள்ள வெளியும், சுழியின் உட்புறமும் இவ்வளவுக்குக் குறையலாகாது. இதுவும் நல்ல வெளிச்சத்தில் நல்ல கண்ணுக்குரிய கடைசி எல்லை; மழைநாளுக்கு இருமடங்கு வைப்பதே தக்கது. கோட்டை மேலும் தடிப்பாக்கினால் சுழிகள் அடைபட்டு எழுத்து கறுப்புக் கட்டியாகும். கருநிறப் பின்னணியில் ஒளியைத் திருப்பியனுப்பும் வெண்தாள் எழுத்துக்களை ஒட்டுவோர் கோட்டைச் சற்று மெலிதாக்க வேண்டும். விளக்கொளியில் வெண்மை சுற்றிலும் பரவி இடைவெளியை மூடிவிடும்.

சாய்வு வேகத்தை உணர்த்துவது. படகின் பெயர், விளையாட்டு விழாத் தோரணம், கடையின் பெயர் ஆகியவற்றிற்கு அது பொருந்தும். (நம் திரைப்பட விளம்பர ஓவியர்கள் இதனை மிகையாகவே கையாண்டனர் என்பது வேறு.) எச்சரிக்கை வாசகத்தை நேரெழுத்தில் எழுதுவதே முறை, வேண்டுமாயின் ‘முதலை’ என்ற ஒரு சொல்லை மட்டும் சாய்க்கலாம். அதில் புள்ளியும் இல்லை. இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி ஆகியவை வழங்கும் இத்தீவுகளில் ஒரே பலகையில் பல மொழிகள் இடம்பெறுமாயின், இடநெருக்கடியால் தமிழ் எழுத்தை ஒடுக்கிச் சுருக்குவது தகாது; சொற்களைக் குறைத்துக் கொள்வதே நன்று.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலோ பிற ஊர்களிலோ உள்ள ஆசிரியர்கள் இதனைப் பள்ளித் திடலில் சோதிக்கலாம். ஒரே வாசகத்தை நேராகவும் சாய்வாகவும் இரு அட்டைகளில் எழுதி, 60 மீட்டரிலிருந்து மாணவரை மெல்ல முன்னேறச் செய்து, முதலில் பிழையின்றிப் படித்த இடத்தைக் குறிக்க வேண்டும். அந்தி வேளையில் மீண்டும் ஒருமுறை செய்க.