தூக்குவது வேறு, தாங்குவது வேறு

பழைய பத்மினி கார் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை அதன் அடியிலேயே படுத்துக் கழிக்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. முதுகு வலி பொறுக்காமல் போன மாதம் வந்து உட்கார்ந்தார். "வீட்டு போர்டிகோவிலேயே ஒரு கார் லிஃப்ட் போட்டுடலாம்னு இருக்கேன். எத்தனை டன் வாங்கட்டும்?" எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். டன் கணக்கு எங்கும் ஓடிவிடாது. டீ ஆறுவதற்குள் வேறு சிலதைப் பேசிவிடுவோம்.

வாட்டர் சர்வீஸ் கடையில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தரைக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு தடித்த தூண் எழும்பும், அதன் தலையில் கார் உட்கார்ந்திருக்கும். கம்ப்ரசர் காற்று எண்ணெயை அழுத்த, எண்ணெய் தூணைத் தள்ளுகிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1920களில் இந்த மாதிரி லிஃப்டை உருவாக்கியவர் பீட்டர் லுனாட்டி. சலூன் நாற்காலியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை தோன்றியது என்பார்கள். காலால் நாலு மிதி மிதித்தால் நூறு கிலோ ஆசாமியே மேலே போகிறாரே, கார் ஏன் போகாது?

இதன் சூட்சுமத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மருந்துக் கடையில் சின்ன சிரிஞ்சு ஒன்றும் பெரியது ஒன்றும் வாங்கி, ஊசியில்லாமல் நடுவே ஒரு டியூபை மாட்டி, தண்ணீர் நிரப்பிச் சின்னதை அழுத்துங்கள். பெரியதன் வாய் பத்து மடங்கு பரப்பு என்றால், அங்கே பத்து மடங்கு பலம் கிடைக்கும். ஆனால் அது நகர்வது பத்தில் ஒரு பங்கு தூரம்தான். பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி இது. லிஃப்டில் நம் கட்டைவிரலுக்குப் பதிலாக 2 ஹெச்.பி. அளவில் ஒரு மோட்டாரும் பம்ப்பும் அந்த வேலையைச் செய்கின்றன.

இங்கேதான் எல்லோரும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறோம். தூக்கிய எண்ணெயே காரைப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். எண்ணெயை நம்பி அடியில் போகக் கூடாது. ஒரு ரப்பர் சீல் தேய்ந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தமாக இறங்கும். நண்பரிடம் இருக்கும் டிராலி ஜாக்கியும் இதே ரகம்தான். ராத்திரி தூக்கி நிறுத்திய வண்டி காலையில் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கும். எண்ணெயின் வேலை தூக்குவதோடு முடிந்தது. தாங்குவதற்கு இரும்பு முட்டு வேண்டும்.

நல்ல லிஃப்ட் மேலே ஏறும்போது காது கொடுத்துக் கேளுங்கள். சில அங்குலத்துக்கு ஒரு தடவை 'டக், டக்' என்று சத்தம் வரும். தூணுக்குள் ஏணிப் படி மாதிரி பற்கள் இருக்கின்றன. ஒரு கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டிப் போகிறது. தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலியை நினைத்துக்கொள்ளலாம். பின்கட்டையை உயர்த்தி வெட்டுக்குள் உட்கார வைத்த பிறகுதானே அதில் சாய்கிறோம்? இங்கும் அப்படியே. வேண்டிய உயரம் வந்ததும் மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது. இறக்கும் லீவரைத் தட்டி, காரைச் சற்றே கீழிறக்கி, பாரம் முழுவதையும் பல்லின் மேல் உட்கார வைக்க வேண்டும். இரண்டு தூணிலும் ஒரே படியில் உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஹோஸ் வெடித்தாலும் தரைதான் எண்ணெயாகும். இறக்கும்போதும் முதலில் கொஞ்சம் மேலே தூக்கித்தான் கொக்கியை விடுவிக்க முடியும். கடையில் லிஃப்ட் பார்க்கப் போனால், இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது, ஓட்டிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் கார் லிஃப்டுகளுக்கென்றே ஈஎன் 1493 என்று ஒரு தரவிதி உண்டு.

இனி வகைகள். நாலு தூண் லிஃப்டில் காரை அப்படியே ஓட்டி ஏற்றலாம், சக்கரம் தட்டில் நிற்கும். ஆயில் மாற்றவும் சைலன்சர் வேலைக்கும் சுகம். பிரேக் வேலைக்குச் சக்கரம் தொங்க வேண்டும் என்பதால் தனி ஜாக்கி தேடணும். கத்தரிக்கோல் மாதிரி விரியும் சிசர் லிஃப்ட் இடத்தை அடைக்காது, ஆனால் பல மாடல்களில் காரின் நடுவயிறு மறைந்துவிடும். பெரிய ஒர்க்‌ஷாப்களில் நாம் பார்ப்பது இரண்டு தூண் லிஃப்ட். நாலு கைகள் நீண்டு, காரின் அடிச்சட்டத்தைப் பிடிக்கும், சக்கரங்கள் நான்கும் அந்தரத்தில். பழைய காருக்கு இதுதான் ஆசை காட்டும். குழி வெட்டினால் என்ன என்று நண்பர் கேட்டார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழிக்குள் போய்த் தேங்கிக்கொள்ளும். வீட்டில் அது வேண்டாம்.

இரண்டு தூண் லிஃப்டில் கார் ஒரு தராசுத் தட்டு. பாரத்தின் மையம் தூண்களுக்கு நேராக வரவேண்டும். வர வைத்தாலும், மேலே வைத்தபடியே இஞ்சினைக் கழற்றி இறக்கினால் முன்பாரம் போய், வால் பக்கம் கீழே சாயப் பார்க்கும். இஞ்சின் வேலை என்றால் பின்பக்கம் தனி ஸ்டாண்டு கொடுக்காமல் தொடாதீர்கள்.

இன்னொரு விஷயம், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நிற்பதும் கையை நீட்டிப் பிடித்து நிற்பதும் ஒன்றல்ல. நீட்டிய கை உடம்பையே முன்னால் இழுக்கும். இரண்டு தூண்களும் அப்படித்தான் காரை நோக்கிச் சாயப் பார்க்கும். அவற்றைப் பிடித்து நிறுத்துவது தரையில் இறக்கிய ஆங்கர் போல்ட்டுகள். அவற்றுக்குக் குறைந்தது நாலு அங்குல நல்ல கான்கிரீட் கேட்பார்கள், சில கம்பெனிகள் அதற்கும் மேலே. நம் போர்டிகோக்களில் மண்ணை நிரப்பி, மெல்லிய கான்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கும். டைல்ஸில் போல்ட் நிற்காது.

உயரத்தையும் அளந்தோம். கூரை பத்தடி. பத்மினி ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் சக்கரம் ஐந்தடியைத் தாண்டாது, அடியில் குனிந்துதான் நிற்கலாம். நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டுத் தூண் வாங்கிவிட்டு, கடைசியில் குனிந்து நிற்பதற்கா அத்தனை செலவு? இடுப்பளவு தூக்கும் சிசர் லிஃப்டும் ஒரு முக்காலியும் போதும் என்பது என் கட்சி. அதற்கும் குறைவாகச் செலவு செய்ய நினைத்தால், நல்ல ஜாக்கியோடு நாலு ஸ்டாண்டு. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்குகிற சாமான் அது.

இப்போது டன்னுக்கு வருவோம். 4 டன் லிஃப்ட் என்றால் நாலு கைக்கும் சேர்த்து 4 டன், ஒரு கைக்கு ஒரு டன். பத்மினியின் மொத்த எடையே ஒரு டன்னுக்கு உள்ளே. எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாக வாங்கினால், அதன் தடித்த கைகள் சின்னக் காரின் பிடிக்கும் இடத்துக்கு எட்டாமலோ, அடியில் நுழையாமலோ போகும்.

நண்பர் தலையாட்டினார். சிசர் லிஃப்ட்தான் என்று முடிவு செய்து, எங்கே வைக்கலாம் என்று போர்டிகோ நடுவில் போய் நின்றார். வீட்டுத் தண்ணீர்ச் சம்ப் எங்கே சார் என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். இரும்பு மூடி அவருடைய இரண்டு செருப்புக்கும் நடுவில் இருந்தது.