நாவல் எழுதணுமா? நேரம் வாங்கக் கத்துக்கோங்க!

ரெக்கார்ட் நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒரு நாவலின் முதல் பாராவை எழுதி, யார் கண்ணுலயும் படாம வெச்சிருக்கிற ஆளா நீங்க? அப்ப இது உங்களுக்கான மேட்டர்தான்.

'எழுதிச் சோறு திங்க முடியுமா?' என்கிற கேள்வி இந்நேரம் வீட்டுல வந்திருக்கும். கேன்டீன்ல நண்பர்கள் 'என்ன ரைட்டர் சார்!' என்று ஓட்டியிருப்பாங்க. சினிமாவுல வர்ற எழுத்தாளர் ஜிப்பா போட்டுக்கிட்டு, மலை பங்களா ஜன்னலோரம் காபி குடிச்சபடியே ஒரே பாட்டுல புத்தகம் முடிச்சிடுவார். நிஜ நாவலாசிரியரோட வாழ்க்கை வேற மாதிரி. அப்ளிகேஷன் ஃபார்ம் நிரப்பணும், ரயில் பிடிக்கணும், மைக் பிடிக்கணும், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கணும். கிட்டத்தட்ட நம்ம செமஸ்டர் மாதிரியேதான்!

வாங்க, உள்ளே போய்ப் பார்த்துட்டு வரலாம்.

ஒரு டீ, ஒரு வடை கணக்கு

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. உங்க நாவலோட விலை 300 ரூபாய்னு வெச்சுக்குவோம். ராயல்டி 10 சதவிகிதம்னா, ஒரு பிரதிக்கு உங்களுக்கு 30 ரூபாய். 1,000 பிரதி விற்றால் மொத்தம் 30,000 ரூபாய். அந்த நாவலை எழுத 3 வருஷம் ஆனதுன்னா, ஒரு நாளைக்கு 27 ரூபாய் சொச்சம். ஒரு டீ, ஒரு வடை. அவ்வளவுதான்!

அதனாலதான் நம்ம பெரிய நாவலாசிரியர்கள் பலர் இன்னொரு வேலையும் பார்த்தாங்க. சுஜாதா பெங்களூரு பி.இ.எல். நிறுவனத்துல இன்ஜினீயர். சுந்தர ராமசாமி நாகர்கோவில்ல ஜவுளிக்கடை நடத்தினவர். இமையம் பள்ளி ஆசிரியர். ஜெயமோகன் பல வருஷம் தொலைபேசித் துறை ஊழியர். பிறகு சினிமாவுக்கும் எழுத ஆரம்பிச்சார். எஸ்.ராமகிருஷ்ணன் மாதிரி முழுநேரமும் எழுத்தையே நம்பினவங்களுக்கும் சினிமா வசனம் ஒரு வருமானமாக இருந்தது.

ஸோ, பேனா, பேப்பர், லேப்டாப் எல்லாம் சும்மா. நாவலுக்கான நிஜ முதலீடு நேரம். நல்கை, பட்டறை, விழா, விருது எல்லாத்தையும் இந்த ஒரு கண்ணாடி போட்டுப் பாருங்க. எது உங்களுக்கு நேரத்தைக் கொடுக்குது? எது பிடுங்குது?

கிறிஸ்துமஸ் கவர்ல ஒரு வருஷம்!

நியூயார்க்ல ஒரு விமான கம்பெனியில டிக்கெட் ரிசர்வேஷன் க்ளார்க்காக வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க ஒரு பெண். எழுத ஆசை, நேரம் இல்லை. 1956 கிறிஸ்துமஸுக்கு மைக்கேல் பிரவுன், ஜாய் பிரவுன் என்கிற நண்பர்கள் ஒரு கவர் கொடுத்தாங்க. ஒரு வருஷம் வேலைக்குப் போகாம எழுதறதுக்கான பணம்! அந்தப் பெண் ஹார்ப்பர் லீ. அப்ப எழுத ஆரம்பிச்ச நாவல்தான் 1960-ல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு.

எல்லாருக்கும் இப்படி நண்பர்கள் அமைவாங்களா? ம்ஹூம். நண்பர்கள் செஞ்ச வேலையை ஒரு அமைப்பு செஞ்சா, அதுக்குப் பேர் நல்கை. கிராண்ட், ஃபெல்லோஷிப் என்று பல பெயர்ல வரும். நீங்க என்ன எழுதப் போறீங்க, ஏன் எழுதணும், எத்தனை மாசம் ஆகும், பயணத்துக்கு எவ்வளவு செலவு எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கணும். முன்னாடி எழுதின சாம்பிளும் வைக்கணும். ஒரு குழு படிச்சுட்டு முடிவு சொல்லும்.

நம்ம ஊர் உதாரணம் பெருமாள்முருகன். அரசுக் கல்லூரியில தமிழ்ப் பேராசிரியராக இருந்துகிட்டே நாவல்கள் எழுதினவர். பெங்களூருவுல இருக்கிற 'இண்டியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்' வழியாகக் கிடைச்ச நல்கை, திருச்செங்கோடு பகுதியைப் பற்றிய அவரோட கள ஆய்வுக்கு உதவியது. அதிலிருந்து பிறந்த நாவல் 2010-ல் வந்த 'மாதொருபாகன்'.

அதுக்கப்புறம் நடந்தது நாடே பார்த்தது. 2014 டிசம்பர்ல எதிர்ப்பு கிளம்பியது, புத்தகம் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில, தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துட்டான்னு அவரே அறிவிச்சார். 2016 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்ன பிறகுதான் மறுபடியும் எழுத வந்தார். நல்கை நேரத்தை வாங்கித் தரும்; நிம்மதிக்கு கியாரண்டி தராது. இதை மறந்துடாதீங்க.

வாசல்ல வெச்ச மதியச் சாப்பாடு

பணமாகக் கொடுக்காம, இடமாகக் கொடுக்கிறதும் உண்டு. அதுக்குப் பேர் ரெசிடென்ஸி. அமெரிக்காவுல, நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள்ள 1907-ல் தொடங்கினது 'மெக்டவல்'. ஆளுக்கு ஒரு தனிக் குடில். மதியச் சாப்பாட்டை ஒரு கூடையில வெச்சு, கதவைக்கூடத் தட்டாம வாசல்ல வெச்சுட்டுப் போயிடுவாங்க. ஏன்? எழுதிக்கிட்டு இருக்கிறவங்க பாதி வாக்கியத்துல எழுந்திருக்கக் கூடாதாம்! அங்கே தங்கினவங்க தங்கள் பேரைக் குடில்ல இருக்கிற மரப்பலகையில எழுதிட்டுப் போறது வழக்கம். ஜேம்ஸ் பால்ட்வின் தங்கி எழுதின இடம் அது.

நம்ம பக்கத்துலயும் இப்படி ஒண்ணு வந்தது. 'சங்கம் ஹவுஸ்' என்கிற ரெசிடென்ஸி 2008-ல் புதுச்சேரி பக்கம் தொடங்கி, பிறகு பெங்களூரு பக்கம் நகர்ந்தது. இந்திய மொழிகள்ல எழுதறவங்களையும் வெளிநாட்டு எழுத்தாளர்களையும் ஒரே இடத்துல தங்க வெச்சது அதோட ஸ்பெஷல்.

நம்ம அசோகமித்திரனைத் தெரியும்தானே? ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966-ல் விட்டவர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துல, பல நாட்டு எழுத்தாளர்களை வரவழைச்சுத் தங்க வைக்கிற திட்டம் ஒண்ணு 1967-ல் ஆரம்பமானது. 1973-ல் அதுல கலந்துக்கிட்டார். அங்கே சந்திச்ச மனுஷங்க, குளிர், தனிமை எல்லாம் சேர்ந்து 'ஒற்றன்' என்கிற நாவலாச்சு. போன இடத்தையே புத்தகமாக்கிட்டார் மனுஷர்!

இதுலயும் ஒரு கொக்கி உண்டு. பணம் எங்கிருந்து வருதோ, அங்கே காத்து மாறினா இங்கே கூரை பறக்கும். 2025-ல் அமெரிக்க வெளியுறவுத்துறை அயோவா திட்டத்துக்குக் கொடுத்துட்டு இருந்த நிதியை நிறுத்தினது. அதனால இளைஞர்களுக்கான அதோட கோடைக்கால நிகழ்ச்சி ரத்தாச்சு. அதே வருஷம், அந்நாட்டு அரசின் கலை நிதி அமைப்பும் அடுத்த ஆண்டுக்கான எழுத்தாளர் ஃபெல்லோஷிப்பை ரத்து பண்ணியது. நல்கையை நம்பி வீட்டு வாடகை அட்வான்ஸ் கொடுக்காதீங்க!

வாயை மூடு, பேனாவைத் திற!

அதே அயோவாவுலதான் 1936-லேயே படைப்பெழுத்துக்குன்னு தனிப் பட்டறை தொடங்கியாச்சு. அதோட முறை ரொம்ப சிம்பிள். உங்க கதையை முன்கூட்டியே எல்லாருக்கும் கொடுத்துடணும். க்ளாஸ்ல மத்தவங்க அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பாங்க. எழுதினவர் அதுவரைக்கும் பேசக் கூடாது. 'இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா...' ஊஹும், நோ சான்ஸ். நாளைக்கு உங்க புத்தகத்தை வாங்கறவர் பக்கத்துல உட்கார்ந்து நீங்க விளக்கம் சொல்ல முடியாதே! 'எல்லாரும் ஒரே மாதிரி எழுத ஆரம்பிச்சிடறாங்க' என்கிற விமர்சனமும் இந்த முறை மேல உண்டு.

பட்டறைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. மேலை நாடுகள்ல பல நாவலாசிரியர்களோட மாசச் சம்பளமே இந்த வகுப்புகளை நடத்தறதுலதான் வருது. ராயல்டி போனஸ் மாதிரி. தமிழ்ல அப்படிக் கல்லூரி வேலைகள் அபூர்வம் என்பதால, இங்கே அந்த இடத்தை சினிமாவும் பத்திரிகையும் பிடிச்சுக்கிச்சு.

மேடை உண்டு, பேமென்ட் உண்டா?

2006-ல் தொடங்கின ஜெய்ப்பூர் விழாவுக்குப் பிறகு இலக்கிய விழாக்கள் ஊர் ஊராகப் பரவிடுச்சு. 2022-ல் தமிழக அரசே நெல்லையில பொருநை இலக்கியத் திருவிழா நடத்தியது. விழாவுல எழுத்தாளருக்கு என்ன கிடைக்கும்? போக வர டிக்கெட், தங்க ரூம், ஒரு சால்வை, புது வாசகர்கள். பேசினதுக்குக் காசு? அதுதான் உலகம் முழுக்க ஓடற பஞ்சாயத்து. 2016 ஜனவரியில, 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' எழுதின பிலிப் புல்மன், ஆக்ஸ்ஃபோர்டு இலக்கிய விழாவின் புரவலர் பதவியிலிருந்து விலகினார். காரணம்? அந்த விழா பேச வர்ற எழுத்தாளர்களுக்குக் காசு கொடுக்கலை. பந்தல் போடறவருக்குப் பணம் உண்டு, மைக் செட்டுக்குப் பணம் உண்டு, யாரைப் பார்க்கக் கூட்டம் வருதோ அவருக்கு மட்டும் இல்லையா? கேள்வி நியாயம்தானே!

விருது: லாட்டரியா, சம்பளமா?

புக்கர் பரிசு 50,000 பவுண்டு. சர்வதேச புக்கரும் அதே தொகைதான். ஆனா அதை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரிச்சுக்கணும். 2022-ல் இந்தியிலிருந்து கீதாஞ்சலி ஸ்ரீ, 2025-ல் கன்னடத்திலிருந்து பானு முஷ்தாக் ஜெயிச்சது இதைத்தான். 2023-ல் பெருமாள்முருகனின் 'பூக்குழி' அதன் நெடும்பட்டியல் வரைக்கும் போச்சு. அதே வருஷம் அவரோட 'ஆளண்டாப் பட்சி', ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்புக்காக ஜே.சி.பி. பரிசை வென்றது. அவருக்கு 25 லட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். 2018-ல் ஆரம்பிச்ச அந்தப் பரிசு 2024-க்குப் பிறகு வரலை. விருதுகளுக்கும் ஆயுள் உண்டு பாஸ்!

சாகித்ய அகாடமி விருது ஒரு லட்சம் ரூபாய். 3 வருஷ உழைப்புன்னு வெச்சு வகுத்தா, மாசம் 2,800-கூட வராது. ஆனா விருது அறிவிச்ச மறுநாள் கடையில அந்தப் புத்தகத்தைத் தேடி ஆள் வருது பாருங்க, அதுதான் நிஜப் பரிசு. அரசும் அமைப்பும் மட்டும்தான் விருது கொடுக்கணுமா என்ன? கோவையில விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்து வாசகர்கள் 2010 முதல் தாங்களே சேர்ந்து விருது கொடுத்துட்டு வர்றாங்க. முதல் விருது ஆ.மாதவனுக்கு.

புகழ் வந்தா நேரம் போச்சு

இப்பத்தான் க்ளைமாக்ஸ். இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்க்லியா பல்கலைக்கழகத்துல எழுத்துப் படிப்பு படிச்சவர் கஸுவோ இஷிகுரோ. ரெண்டாவது நாவல் பேர் வாங்கிக் கொடுத்ததும் விருந்து, வெளிநாட்டுப் பயணம், மூட்டை மூட்டையாகக் கடிதங்கள். எல்லாம் இருக்கு, எழுதத்தான் நேரம் இல்லை! 1987-ல் அவரும் மனைவி லோர்னாவும் ஒரு முடிவு எடுத்தாங்க. 4 வாரம், திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணி முதல் ராத்திரி 10.30 வரை எழுத்து மட்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம். கடிதம் பிரிக்கக் கூடாது, போன் கிட்டவே போகக் கூடாது. வீட்டு வேலை மொத்தத்தையும் லோர்னா பார்த்துக்கிட்டாங்க. அந்த 4 வாரத்துல உருவம் பிடிச்ச நாவல் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே'. 1989-ல் புக்கர். 2017-ல் நோபலும் அவர் வீடு தேடி வந்தது.

கவனிச்சீங்களா? எந்த நல்கையும் கொடுக்காத நேரத்தை வீட்டுல இருந்த ஒருத்தர் கொடுத்திருக்காங்க. எழுத்தாளர் வாழ்க்கையில பேர் போடாத ஸ்பான்ஸர்கள் இவங்கதான். 'என் மனைவி சமையலைப் பார்த்துக்குவா'ன்னு இப்பவே கனவு காணும் தம்பிகளே, எழுதற தங்கைகளுக்கு அந்த 4 வாரத்தை யார் கொடுப்பாங்கன்னும் கொஞ்சம் யோசிங்க!

உங்க டேர்ன்!

* சாகித்ய அகாடமியின் யுவ புரஸ்கார் 35 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு. 2011-ல் ஆரம்பமானது, பரிசு 50,000 ரூபாய். துப்புரவுத் தொழிலாளர் வாழ்க்கையைச் சொன்ன மலர்வதியின் 'தூப்புக்காரி', ஐ.டி. உலகத்தைச் சொன்ன கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்' ரெண்டும் இதை வாங்கின நாவல்கள். தெரிஞ்ச உலகத்தை எழுதி ஜெயிச்சிருக்காங்க, நோட் பண்ணிக்கோங்க.

* மத்திய அரசு 2021-ல் தொடங்கின பி.எம். யுவா திட்டம் 30 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு. தேர்வானவங்களுக்கு 6 மாசம், மாசத்துக்கு 50,000 ரூபாய். ஆனா எதைப் பற்றி எழுதணும்கிற தலைப்பு அவங்களோடது. அறிவிப்பு வர்றப்ப விதிமுறைகளை முழுசாகப் படிங்க.

* ஹாஸ்டல்ல நாலு பேர் சேர்ந்தா அயோவா ரெடி. வாரம் ஒருத்தர் கதை, நாலு ஜெராக்ஸ், எழுதினவர் வாயில பிளாஸ்திரி!

* வேலையைத் தூக்கி எறியற அவசரம் வேண்டாம். ஹாருகி முரகாமி டோக்கியோவுல ஜாஸ் பார் நடத்திக்கிட்டே, ராத்திரி கடை மூடின பிறகு சமையலறை மேஜையில முதல் நாவலை எழுதினார். 1979-ல் அதுக்குப் புதுமுகங்களுக்கான குன்ஸோ பரிசு கிடைச்ச பிறகும் கொஞ்ச காலம் பாரை நடத்தினார்.

வேலைக்குப் போனதும் நேரத்தை விலை கொடுத்துத்தான் வாங்கணும். இப்ப அது உங்ககிட்ட சும்மா கிடக்கு. இன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுக்கும் தூக்கத்துக்கும் நடுவுல ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்க. செல்போனை ரூம் மேட்கிட்ட கொடுத்துட்டு, அந்த ரெக்கார்ட் நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. ரெண்டாவது பாரா பாக்கி இருக்கு!