ஆஸ்திரேலிய ஃபுட்டி பெட்டிங்: 'ஹெட் டு ஹெட்' முதல் 'மல்டி' வரை... கணக்கு யார் பக்கம்?

13 கோல் அடித்த அணி தோற்றது. 12 கோல் அடித்த அணி கோப்பையைத் தூக்கியது.

2023 செப்டம்பர் 30 அன்று, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் பார்க்க நடந்த ஏஎஃப்எல் இறுதிப்போட்டியின் முடிவு இதுதான். காலிங்வுட் 90, பிரிஸ்பேன் 86.

எப்படி? ஆஸ்திரேலியர்கள் 'ஃபுட்டி' என்று செல்லமாக அழைக்கும் இந்த ஆட்டத்தில், மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் இருக்கும். நடுவில் உள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பந்து அதற்குப் பக்கத்து இடைவெளியில் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. காலிங்வுட் 12 கோலோடு 18 பிஹைண்ட் எடுத்தது. பிரிஸ்பேன் 13 கோலோடு 8 பிஹைண்ட் மட்டுமே. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

இப்படி ஸ்கோர் விறுவிறுவென ஏறுவதால், ஒரே மேட்ச்சை வைத்துப் பல வகை பெட்களை பெட்டிங் நிறுவனங்கள் விற்கின்றன. வேலைக்கோ படிப்புக்கோ மெல்போர்ன் போனால், இந்த வார்த்தைகள் உங்கள் காதில் விழாமல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம்? எதில் பணம் வேகமாகக் கரையும்?

முதலில் 'ஆட்ஸ்' என்றால் என்ன?

ஜெயித்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைச் சொல்லும் எண். ஆட்ஸ் 1.90 என்றால், 100 டாலர் கட்டி ஜெயிப்பவருக்கு 190 டாலர் வரும். அதில் 100 டாலர் அவர் போட்ட பணம். லாபம் 90 மட்டுமே.

என்னென்ன வகைகள்?

ஹெட் டு ஹெட்: யார் ஜெயிப்பார்கள்? அவ்வளவுதான். பலமான அணிக்கு ஆட்ஸ் குறைவு, பலவீனமான அணிக்கு அதிகம்.

லைன்: பலமான அணிக்குக் கற்பனையாக ஒரு சுமையை ஏற்றுவது. அந்த 2023 இறுதிப்போட்டியில் காலிங்வுட்டுக்கு மைனஸ் 5.5 லைன் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த அணி குறைந்தது 6 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் உங்களுக்குப் பணம். ஜெயித்ததோ 4 புள்ளியில். அதாவது உங்க டீம் ஜெயிச்சிருச்சு, நீங்க தோத்துட்டீங்க! அரைப் புள்ளி எதற்கு? கணக்கு சமமாக முடியாமல் இருக்கத்தான்.

டோட்டல்: இரு அணிகளின் மொத்தப் புள்ளி, நிறுவனம் சொல்லும் எண்ணைத் தாண்டுமா, தாண்டாதா? நமது உதாரணத்தில் மொத்தம் 176. நிறுவனம் 165.5 என்று வைத்திருந்தால், 'ஓவர்' சொன்னவருக்குப் பணம். 'அண்டர்' சொன்னவருக்கு நஷ்டம்.

மார்ஜின்: எவ்வளவு வித்தியாசத்தில் வெற்றி? '1 முதல் 39', '40க்கு மேல்' என்று பிரிப்பது வழக்கம். 2024 இறுதிப்போட்டியில் பிரிஸ்பேன் 120-60 என சிட்னியை நொறுக்கியது இரண்டாவது வகை.

வீரர்கள் மீதான பெட்: முதல் கோல் யார் அடிப்பார்? ஒருவர் 25 'டிஸ்போசல்' எடுப்பாரா? காலால் உதைத்தும், கையால் குத்தியும் பந்தைக் கடத்தும் எண்ணிக்கைதான் டிஸ்போசல். இங்கே ஒரு தனி மனிதரின் ஆட்டமே பணமாகிறது என்பதால் ஆபத்தும் உண்டு. தான் ஆடிய போட்டிகள் மீதே பெட் கட்டியதற்காக, காலிங்வுட் வீரர் ஜெய்டன் ஸ்டீஃபன்சன் 2019ல் 10 போட்டிகளில் ஆட முடியாமல் போனது.

ஃபியூச்சர்ஸ்: கோப்பை யாருக்கு, சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் யாருக்கு என்று பல மாதங்களுக்கு முன்பே கட்டுவது. முடிவு தெரியும்வரை பணம் முடங்கிக் கிடக்கும்.

மல்டி: பல பெட்களை ஒரே சங்கிலியாகக் கோர்ப்பது. ஆட்ஸ் ஒன்றோடொன்று பெருகும். ஆனால் ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் போச்சு.

சரி, இதுல கம்பெனிக்கு என்ன லாபம்?

சரிபாதி வாய்ப்புள்ள ஒரு லைன் பெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஆட்ஸ் 1.90. ஒருவர் இந்தப் பக்கம் 100, இன்னொருவர் அந்தப் பக்கம் 100 கட்டுகிறார்கள். வசூல் 200. ஜெயித்தவருக்குக் கொடுப்பது 190. மீதி 10 டாலர் நிறுவனத்துக்கு. அதாவது 100க்கு 5. கையைக் கடிக்காமல் இருக்கவே 100 முறையில் 53 முறை நீங்கள் சரியாகக் கணித்தாக வேண்டும்.

இதே மாதிரி நான்கு பெட்களை மல்டியாகக் கோர்த்தால்? 1.90ஐ நான்கு முறை பெருக்கினால் சுமார் 13. '10 டாலர் போட்டா 130 டாலர்' என்று ஆப்பில் மின்னும். ஆனால் நான்கும் பலிக்கும் வாய்ப்பு 16ல் 1. நியாயமாகக் கிடைக்க வேண்டியது 160. பல முறை கட்டினால், சராசரியாக 100 டாலருக்கு 18 டாலருக்கு மேல் காலி. தனி பெட்டில் 5 ஆக இருந்த கழிவு, மல்டியில் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது.

'சேம் கேம் மல்டி' இன்னும் சிக்கல். ஒரே மேட்ச்சில் நடக்கும் விஷயங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. அதனால் நிறுவனமே தனியாக ஒரு விலை வைக்கும். அது நியாயமான விலையா என்று நீங்கள் பெருக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியச் சட்டம் என்ன சொல்கிறது?

உரிமம் பெற்ற பெட்டிங் அங்கே சட்டப்படி சரி. ஆனால் 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேட்ச் தொடங்கிய பிறகு ஆன்லைனில் பெட் கட்ட முடியாது. போனிலோ நேரிலோதான் கட்டலாம். 2024 ஜூன் முதல் ஆன்லைன் பெட்டிங்குக்கு கிரெடிட் கார்டும் செல்லாது. 'பெட்ஸ்டாப்' என்ற அரசுப் பதிவேடு 2023 ஆகஸ்டில் வந்தது. அதில் பெயர் கொடுத்தால், உரிமம் பெற்ற எந்த ஆன்லைன், போன் பெட்டிங் நிறுவனமும் உங்களை வாடிக்கையாளராகச் சேர்க்கக் கூடாது.

இங்கிருந்து கட்டலாமா?

கூடாது. இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும், அவற்றுக்கான விளம்பரங்களையும், வங்கிப் பரிமாற்றங்களையும் தடை செய்கிறது. வெளிநாட்டு ஆப்பில் பணம் மாட்டிக்கொண்டால் மீட்பதும் லேசில்லை.

அப்போ ஆபீஸ் பேச்சில் எப்படிக் கலந்துகொள்வது? அதற்குத்தான் 'ஃபுட்டி டிப்பிங்' இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் யார் ஜெயிப்பார்கள் என்று சக ஊழியர்கள் கணித்து, சீசன் முழுக்கப் புள்ளி சேர்க்கும் வழக்கம் இது. பைசா இல்லாமலும் நடத்துவார்கள். அதில் தோற்றால் திங்கட்கிழமை கொஞ்சம் கிண்டல் கேட்க வேண்டியிருக்கும். சம்பளம் பத்திரமாக இருக்கும்.