ஐஸ் பேக் வியர்க்கும் வரை

புதன்கிழமை, தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள். காலை எட்டரை மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசைமேல் ஐஸ் பேக்குகள் பரப்பிக் கிடக்கின்றன. செவிலியர் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார். சத்தமில்லை. கீழே வைத்துவிடுகிறார். கிராமத்துக்குப் போகவேண்டிய பெட்டி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி ஆட்டுகிறார். இப்போது உள்ளே ‘சளக்’கென்று தண்ணீர் புரளும் ஒலி. பேக்கின் மேல் முத்து முத்தாக வியர்வை. அதைத் துடைத்துப் பெட்டியின் நான்கு பக்கமும் நான்கு பேக்குகளைச் செருகி, நடுவில் ஜிப் உறையிலிட்ட மருந்துக் குப்பிகளை வைத்து மூடுகிறார்.

பார்ப்பவருக்கு இது நேர விரயமாகத் தோன்றும். வெளியே வெயில் ஏறுகிறது. ஐஸை உருகவிட்டா பெட்டிக்குள் வைப்பது?

ஆமாம், உருகவிட்டுத்தான் வைக்க வேண்டும். தடுப்பூசி என்றாலே சூடு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். அளவுமீறிய குளிரும் ஆகாது என்பதுதான் நமக்குப் பதியவில்லை.

சூட்டின் மேல் நமக்குள்ள பயம் பழையது. பெரியம்மைத் தடுப்பு மருந்து இந்தியாவுக்கு வந்த கதையே அதற்குச் சாட்சி. ஐஸ் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில், வழியிலேயே மருந்து வீரியம் இழந்துவிடும். அதனால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அம்மைப் பாலை ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பாக்தாத், பஸ்ரா வழியாக வந்த அது 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் பலித்தது. அங்கிருந்துதான் சென்னைக்கும் இலங்கைக்கும் பரவியது. குழந்தைகளின் உடம்பே அன்றைக்குப் பொதி.

இன்றைய தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கெடாது, சூடுதான் அதற்கு எமன். ஆனால் டி.பி.டி., ஹெபடைட்டிஸ் பி, ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் பெண்டாவேலன்ட் ஆகியவை வேறு ஜாதி. இவற்றில் அலுமினிய உப்பு நுண்துகள்களாக மிதக்கிறது. மருந்தின் மூலப்பொருள் அந்தத் துகள்களில்தான் ஒட்டியிருக்கிறது. நோய் எதிர்ப்பைத் தட்டி எழுப்பும் வேலையில் அந்த உப்புக்கும் பங்குண்டு. திரவம் உறையும்போது பனிப் படிகங்கள் வளர்ந்து துகள்களை ஒரு மூலைக்கு நெட்டித் தள்ளுகின்றன. நெருக்குண்ட துகள்கள் கட்டிதட்டிப் போகின்றன. பிறகு உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. திரிந்த பாலை ஆற்றி நல்ல பாலாக்க முடியுமா? அதே கதைதான்.

இதற்குச் சுழியத்துக்கு வெகு கீழே போக வேண்டியதில்லை, அரை டிகிரி கீழே போனாலே ஆபத்து தொடங்குகிறது. டீப் ஃப்ரீசரிலிருந்து வரும் ஐஸ் பேக்கோ சுமார் மைனஸ் 20 டிகிரியில் இருக்கிறது. நேராகப் பெட்டிக்குள் போனால், ஒட்டியிருக்கும் குப்பி உறைந்துவிடும்.

வியர்க்கவிட்டால் குளிர் வீணாகாதா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மைனஸ் 20 டிகிரியிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டி, சுழியம் டிகிரிக்கு வர 10 கலோரி வெப்பத்தை வாங்கும். பின்னர் அது முழுவதும் உருகித் தண்ணீராக 80 கலோரி வேண்டும். அதாவது, காத்திருப்பதில் நாம் இழப்பது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். மீதி எட்டுப் பங்கும் பத்திரமாக இருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு: பனியும் நீரும் சேர்ந்திருக்கும்வரை அந்தக் கலவை சுழியத்தை விட்டு அசையாது. உள்ளே தண்ணீர் புரளும் சத்தம் கேட்டுவிட்டால், இந்த பேக்கால் இனி குப்பியை உறைய வைக்க முடியாது என்று அர்த்தம். வெப்பமானி இல்லாமலே காது சொல்லிவிடுகிற சேதி அது. இதைவிட அழகான அளவுகோலை நான் மருத்துவத்தில் அதிகம் பார்த்ததில்லை.

சூடு பட்டதைக் காட்டிக்கொடுக்கக் குப்பியிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. வட்டத்துக்குள் ஒரு வெளிர் சதுரம். 1996இல் போலியோ குப்பிகளில் முதலில் வந்தது. வெப்பம் சேரச் சேரச் சதுரம் கருத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஆனால் உறைந்துபோனதைச் சொல்ல அந்தச் சதுரத்துக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை ஒன்றே துணை. அதே நிறுவனம், அதே தொகுதியைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே கல்லாக உறையவைத்து, உருக்கி, ‘உறைந்தது’ என்று எழுதி ஒட்டுகிறார்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி மேசைமேல் வைத்துப் பார்க்கிறார்கள். உறைந்ததில் வண்டல் சீக்கிரமே அடியில் இறங்கி, மேலே தெளிந்துவிடும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் தெளிந்தால் அது கெட்டது. கலங்கலாகவே நின்றால் பிழைத்தது.

கெட்ட ஊசியைப் போட்டால் குழந்தைக்கு உடனே தெரிகிற மாதிரி பெரும்பாலும் எதுவும் ஆகாது. அட்டையில் தேதி ஏறும், தாய் நிம்மதியாக வீடு திரும்புவாள். ஆனால் பாதுகாப்பு குறைந்திருக்கும். அதனால்தான் அந்த முக்கால் மணிக் காத்திருப்பை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்கிறேன். ஐஸ் பேக்குக்கும் குப்பிக்கும் நடுவே தனித் தடுப்பு வைத்த புதுவகைப் பெட்டிகள் வந்திருக்கின்றன. அவற்றில் காத்திருக்காமலே அடுக்கலாம். எல்லாத் துணை சுகாதார நிலையத்துக்கும் அவை போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கும் இதில் சேதி உண்டு. இன்சுலினும் உறையக் கூடாது. ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் தட்டுக்கு அருகிலோ, பின்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். பயணத்தில் ஐஸ் கட்டிகளோடு சேர்த்துப் பாலித்தீன் பையில் போடாமல், குப்பியை ஒரு துணியில் சுற்றி ஐஸ் நேராகப் படாதபடி வையுங்கள். ஒருமுறை உறைந்தது என்று தெரிந்தால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.