கண்ணி வாரப் பிறந்த கப்பல்

பெங்களூர் சிவாஜிநகரின் குஜிரிக் கடைகளில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், எந்த வண்டியும் முழுசாகச் சாவதில்லை. கதவு ஓர் ஊருக்கு, கியர்பாக்ஸ் இன்னோர் ஊருக்கு என்று பிரிந்து போகும். அங்கே நிற்கும்போது எனக்கு ஒரு கப்பல் ஞாபகம் வரும். கடலோ ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி, ஆனாலும் வரும்.

பெயர் 'பெங்கால்'. சிட்னியில் காக்கட்டூ தீவில் கட்டி, 1942 ஆகஸ்டில் அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த, கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல். பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப் என்று கூடப்பிறந்தவை மூன்று.

கண்ணி வாருவது உழவு மாதிரி. இரும்புக் கயிற்றைப் பக்கவாட்டில் விரித்து இழுத்துக்கொண்டு, சால் விடாமல் கடலை உழ வேண்டும். நீருக்கடியில் கட்டிவைத்த கண்ணியின் கம்பி அதில் சிக்கி அறுபடும். மேலே மிதந்து வரும் கண்ணியைச் சுட்டு ஒழிப்பார்கள். ஒன்றுமே வெடிக்காத நாள்தான் நல்ல நாள். அதை யார் எழுதுவார்கள்?

பெங்காலைப் பற்றி எழுதவைத்தது 1942 நவம்பர் 11. 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக ஃப்ரீமாண்டிலிலிருந்து டியாகோ கார்சியா போய்க்கொண்டிருந்தது. கொக்கோஸ் தீவுகளுக்குத் தெற்கே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன: ஹொக்கோகு மாரு, ஐக்கோகு மாரு. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். 140 மில்லிமீட்டர் பீரங்கிகள். பெங்கால் 650 டன் சொச்சம். அதன் பெரிய ஆயுதம் 3 அங்குலப் பீரங்கி ஒன்றே ஒன்று.

பெங்காலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்சன் ஒண்டினாவைத் தப்பச் சொல்லிவிட்டு, எதிரியை நோக்கியே கப்பலைத் திருப்பினார். ஒண்டினாவும் ஓடிவிடவில்லை, தன் 4 அங்குலப் பீரங்கியால் சுட்டது. ஒரு குண்டு பட்டு ஹொக்கோகு மாரு தீப்பிடித்தது, வெடித்து மூழ்கியது. அது யாருடைய குண்டு? இரு கப்பல்காரர்களும் தங்களுடையது என்றார்கள். ஒண்டினாவுடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கணக்கு, அங்குலமே சாட்சி.

குண்டு தீர்ந்துபோகும் நிலையில் பெங்கால் புகை மூட்டி விலகியது. ஒண்டினாவின் கேப்டன் ஹார்ஸ்மன் இறந்தார். கப்பலைக் கைவிட்டுப் படகில் இறங்கிய அதன் மாலுமிகளையும் ஜப்பானியர் சுட்டார்கள். எதிரி போனதும், மிஞ்சியவர்கள் மறுபடி ஏறித் தீயை அணைத்து ஃப்ரீமாண்டில் திரும்பினார்கள். அதுவரை ஒண்டினா மூழ்கிவிட்டது என்றே பெங்கால் நினைத்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் பெங்கால் இந்தியக் கடற்படையில் இருந்தது. 1960-இல் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். நம் கடற்படையின் கடைசிக் கண்ணிவாரி 'கோழிக்கோடு' 2019 ஏப்ரலில் ஓய்வு பெற்றது.